மிஸஸ் வில்கின்ஸின் முனகல்

மிஸஸ் வில்கின்ஸுக்கு எம்பது தாண்டியாச்சு. பக்கவாதம் வந்து எடது கையும் எடது காலும் சொன்ன பேச்சு கேக்காது, புருசன் போயாச்சு, பூனை ஒண்ணு உண்டு, காது கொஞ்சம் மந்தம். இத்தனையும் கட்டில் தலைமாட்டுல ஒரு அட்டையில எழுதித் தொங்குது. கட்டில்ல படுத்துக் கெடக்கிறது என்னமோ கோவில்பட்டி செண்பகவல்லி. வயசு நாப்பத்தொண்ணு, கை கால் நாலும் கெட்டி, புருசன் உண்டு, பூனை கெடையாது, காது ரொம்பக் கூர்மை. அந்தக் காதுதான் இன்னைக்கு அவளைப் பாடாப் படுத்துது. கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தாலும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பைப்புல தண்ணி விழுறது கேக்குது, ஜெனிட்டா கை கழுவுறா, சோப்பு தேய்க்கிற சத்தத்துலயே அவ பயம் தெரியுது, கை கழுவுற நேரத்துக்கு உங்க ஜெபம் ஒண்ணை மனசுக்குள்ள முழுசாச் சொல்லிரு, கணக்கு சரியா இருக்கும்னு சொல்லிக் கொடுத்தவளே செண்பகம்தான், இப்ப ஆமென் வர்ற நேரம், இந்தா, தண்ணி நின்னுருச்சு. கழுவு தாயே, நல்லாக் கழுவு. எதை எதையெல்லாம் கழுவணுமோ கழுவு.

இந்தக் கனடாக் காலேஜுல நர்சிங் படிக்கிறவங்களுக்கு இது ஒரு வழக்கம். பரீச்சைன்னா ஒருத்தி நர்சு, ஒருத்தி நோயாளி. பொம்மை நோயாளிகளும் இருக்கு, வரிசையா வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கு, ஆனா அதுக எந்திரிச்சு நிக்காது. கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாத்தி உக்கார வைக்கிற பரீச்சைக்கு உசுருள்ள பொம்மை வேணும். இன்னைக்கு நர்சு ஜெனிட்டா, பொம்மை செண்பகம், மார்க் போடுறது டோரீன். பேரு சொல்லியே கூப்பிடணுமாம் இங்க, டீச்சரைப் போயி டோரீனேன்னு எப்படிக் கூப்பிட, வாய் வரல, மேம்தான். போன வாட்டி ஜெனிட்டா நாற்காலிக்குப் பிரேக் போட மறந்தா, அந்த எடத்துலயே டோரீன் பேனாவை மூடிட்டாங்க, பரீச்சை முடிஞ்சுது. அன்னைக்கு நோயாளியாப் படுத்திருந்தது ஒரு பஞ்சாபிப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், ஆனா கொட்டாவி விடத் தெரியுமே தவிர முனகத் தெரியாது. இன்னைக்கு ரெண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பு. இதும் போச்சுன்னா அவளுக்குச் செமஸ்டரே போச்சு. நேத்து முழுக்க ஒரே பாட்டு, "பேடியா இருக்குக்கா, பேடியா இருக்கு." "பயம்னு சொல்லுட்டி. உங்க நாகர்கோவில் பேடியைக் கேட்டாலே எனக்கும் பயம் வந்துருது." "நீங்க முனகுவியல்லாக்கா?" "முனகாம? எங்கம்மா என்னைப் பெத்ததே முனகுறதுக்குத்தான்." ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நேத்துக்கூட சிரிச்சா அவ. அதைப் பண்ணிட்டு அந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படிட்டி சிரிச்ச?

திரைச்சீலை வளையம் சரசரன்னு ஓடுது. "குட் மார்னிங், மை நேம் இஸ் ஜெனிட்டா, ஐ ஆம் யுவர் நர்ஸ் டுடே." குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது. கையிலே கட்டியிருக்கிற பட்டையைப் பார்த்துப் பேரும் பொறந்த தேதியும் கேக்கிறா, செண்பகம் மிஸஸ் வில்கின்ஸ் குரல்ல பதில் சொல்றா, காஞ்ச சுக்கு மாதிரி ஒரு குரல், அது தனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது, அவ தொண்டைக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. மொத மாசம் இதே மாதிரி நோயாளியாப் படுத்திருக்கையிலதான் அந்த முனகல் பொறந்துச்சு. யாரோ காலைத் திருப்பினாங்க, இவ, "அய்யோ... ம்மா"ன்னு இழுத்தா, அவ நர்சா இருந்த கோவில்பட்டி ஆஸ்பத்திரியில ஆபரேசன் முடிஞ்சு வர்றவங்க இழுக்கிற அதே இழுப்பு, டோரீன் எட்டிப் பாத்து, "எவ்வளவு நெஜமா இருக்கு, எல்லாரும் இப்படித்தான் நடிக்கணும்"னு பாராட்டிட்டாங்க. அதுக்கப்புறம் செண்பகம் எப்ப முனகினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஜெனிட்டா ஏதாவது விட்டுட்டா இவ முனகுவா, அவ திரும்பிப் பாத்துச் சரி பண்ணிக்குவா. கட்டில் சக்கரம் பூட்டலையா, அய்யோம்மா. செருப்பு மாட்டலையா, அய்யோம்மா. வெள்ளைக்காரங்களுக்கு அது வலி. நம்மளுக்கு அது பிட்டு. இப்ப அவ கட்டிலைக் கீழே எறக்குறா, சக்கரத்தைக் காலால அமுக்கிப் பூட்டுறா, ஒவ்வொண்ணுக்கும் பெறகு ஒரு நொடி நிக்கிறா, காது இந்தப் பக்கம் சாயுது. கேட்டுக்கிட்டே இரு. இன்னைக்கு நான் முனகுனா உண்டு, முனகாட்டி இல்ல. காலையில அந்த வராந்தாவுல நான் நின்ன மாதிரி நீயும் நில்லு.

வராந்தாவுல டோரீன் கூப்பிட்டாங்க. செண்பகவல்லி அவங்க வாய்க்குள்ள நுழையாது, ஷென்னு நிறுத்திருவாங்க. "ஷென், நீ என்னை நடிச்சுக் காட்டுவியாமே." சிரிக்கப் போறாங்கன்னு இவ பல்லைக் கூடக் காட்டிட்டா. அவங்க சிரிக்கல. "முழங்காலோட." அந்த ஒரு வார்த்தையில இவ பல்லு உள்ள போயிருச்சு. "இந்த முழங்காலுக்குள்ள இரும்பு இருக்கு, உனக்குத் தெரியுமா?" தெரியாது. தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டா. பண்ணியிருக்க மாட்டாளா? சரி, கொஞ்சம் மெதுவாப் பண்ணியிருப்பா. "பரீச்சை முடிஞ்சதும் என் ரூமுக்கு வா, கோஆர்டினேட்டரும் இருப்பாங்க, உன்னைப் பிளேஸ்மெண்டுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு பேசணும், வயசானவங்களோட வேலை செய்யப் போற ஆளு அவங்க வலியைக் கேலி பண்ணலாமா?" பிளேஸ்மெண்ட்னா முதியோர் இல்லத்துல போயி நெஜ நோயாளிகளைப் பாக்குறது, அது இல்லாட்டி பாஸ் இல்ல, பாஸ் இல்லாட்டி படிப்பு இல்ல, படிப்பு இல்லாதவளுக்கு இந்த நாட்டுல இருக்கிறதுக்கு என்ன சாக்கு, விமானம் ஏறி மதுரையில எறங்க வேண்டியதுதான், ஏர்போர்ட்டுல மகாராஜன் நிப்பாரு, அவ புருசன், திட்ட மாட்டாரு, "வந்துட்டியா"ம்பாரு, அந்த வந்துட்டியா இருக்கே, அதை இப்பவே அவ தொண்டை சொல்லிப் பாக்குது, அவரு குரல்லயே, கொஞ்சம் கரகரப்பு, கடைசியில ஒரு சின்ன எறக்கம். வந்துட்டியா. படுபாவித் தொண்டை, இந்த நேரத்துலயும் சும்மா கெடக்குதா பாரு.

"ஆர் யூ இன் பெய்ன், மிஸஸ் வில்கின்ஸ்?" ஆமா, இருக்கு. "நோ, டியர்." சரியான எடத்துலதான் கேட்டுருக்கா, நல்லாத்தான் பண்றா இன்னைக்கு, தோளுக்கு அடியில கையைக் குடுத்து மெதுவா எழுப்பி உக்கார வைக்கிறா, கால் ரெண்டும் கட்டில் ஓரத்துல தொங்குது, தலை சுத்துதான்னு கேக்கிறா, சுத்துதுன்னு சொன்னா என்ன பண்ணுவ, முழங்காலு, முழங்காலு, அதுலதான் வந்து வந்து முட்டுது மனசு. டோரீன் குரலை செண்பகம் வகுப்புல எல்லார் முன்னாடியும் பேசிக் காட்டியிருக்கா, காண்டீன்ல, பஸ் ஸ்டாப்புல, அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா அது வெறும் குரலு. முழங்காலு தனி. அது பொறந்தது செண்பகமும் ஜெனிட்டாவும் சேர்ந்து குடியிருக்கிற வீட்டு அடுக்களையில, ஒரு ஞாயித்துக்கெழமை, தரைக்குக் கீழே இருக்கிற வீடு, சன்னல்ல பாத்தா போறவங்க செருப்புதான் தெரியும், செண்பகம் ரவை வறுத்துக்கிட்டு இருந்தா, கையில கரண்டி, திடீர்னு அது உள்ள எறங்குச்சு. மொதல்ல மூக்கை ஒரு உறிஞ்சு. அப்புறம் வலது முழங்காலை அமுக்கி நிமிர்றது. அப்புறம் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை. அதுக்கும் அப்புறம்தான், "ஓகே, மை டியர்." வரிசை மாறவே கூடாது. ஜெனிட்டா சிரிச்சு சிரிச்சு ஃபிரிட்ஜுல சாஞ்சு அப்படியே வழுக்கிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா, ரவை கருகிப் போச்சு, மேல் வீட்டுக்காரம்மா தரையைத் தட்டுனா. அன்னைக்குப் பாத்தது ஒரே ஆளு. அதுக்கப்புறம் அதை வெளியில எங்கயும் பண்ணல, சில வித்தையெல்லாம் வீட்டுக்குன்னே வச்சிருக்கிறது, நல்ல துணி மாதிரி. அப்ப டோரீனுக்கு முழங்கால் எந்த வழியா நடந்து போச்சு?

நாற்காலியை உருட்டிக்கிட்டு வாரா. பலமுள்ள பக்கம் வைக்கணும், மிஸஸ் வில்கின்ஸுக்கு வலது பக்கம், வச்சுட்டா, சரி. கால் வைக்கிற தகட்டை மடக்கிட்டா, சரி. காலையில வராந்தாவுல இருந்து நான் வந்து கை கழுவுற தொட்டிக்கிட்ட நிக்கையில, இவ பக்கத்துல வந்து, பைப்பைத் திறக்காமலே, "அக்கா, கோவமாக்கா? அவிய சிரிக்கட்டுமேன்னுதான்"னு ஆரம்பிச்சா, அதுக்குள்ள டோரீன் வந்துட்டாங்க, பாதியில முழுங்கிட்டா. சிரிக்கட்டுமேன்னுதான். அந்த அரை வாக்கியத்துல மிச்சம் எல்லாத்தையும் செண்பகம் கண்ணு முன்னாடி ஓட்டிப் பாத்தாச்சு. போன வாட்டி பரீச்சை போனதும் ஜெனிட்டா டோரீன் ரூமுக்கு ஓடிப் போனா, இன்னொரு வாய்ப்புக் குடுங்கன்னு கேக்க. போனது தெரியும், தைரியம் சொல்லி அனுப்புனதே செண்பகம்தான். அங்க போயி அழுதிருக்கா, அவங்க மசியல, அப்ப இவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, எங்க வீட்டுல ஒரு அக்கா இருக்காங்க மேம், உங்களை மாதிரியே பண்ணுவாங்கன்னு எந்திரிச்சு நின்னுருக்கா. நின்னு காட்டியிருக்கா. அய்யோ, இவளா! இவளுக்கு எங்க வரும் அது? முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டே மூக்கை உறிஞ்சியிருப்பா, ரெண்டையும் ஒரே நேரத்துல, வரிசை போச்சு, இடைவெளி போச்சு, நாகர்கோவில் நொண்டி மாதிரி இருந்திருக்கும். காட்டிக் குடுத்ததைக் கூடப் பொறுத்துக்கலாம். கேவலமாக் காட்டிக் குடுத்திருக்கா. செண்பகம் பண்ணியிருந்தா டோரீனே சிரிச்சிருப்பாங்க, கோவில்பட்டியில பெரிய டாக்டரு சிரிச்சாரே, பிரிவு உபசார நாளுல வார்டு ஆயாக்கள் முன்னாடி, "சிஸ்டர், போறதுக்கு முன்ன என்னை மாதிரிப் பண்ணிக் காட்டிட்டுப் போங்க"ன்னு அவரே நாற்காலி போட்டு உக்காந்தாரே, தன்னையே பாத்துத் தன் தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சாரே. அந்த வித்தைதான் இங்க குத்தமாயிருச்சு. இல்ல, வித்தை இல்ல, அந்த இரும்பு. இரும்பு இருக்கும்னு எனக்கு என்ன தெரியும். தெரியாமத்தான் பண்ணேன். அவளும் தெரியாமத்தான் பண்ணாளோ? ச்சீ, இல்ல, அவ தெரிஞ்சு பண்ணா, வராந்தாவுல டோரீன் என்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாலயே அவளுக்குத் தெரியும், அதான் பஸ்ஸுல சன்னலோர சீட்டை எனக்கு விட்டா, என்னைக்கும் விடாதவ, காப்பி வாங்கிக் குடுத்தா, ரெண்டு பாலு ரெண்டு சீனி, மூடியைக் கூடத் திறந்து குடுத்தா.

இடுப்புல பெல்ட்டைக் கட்டுறா. நோயாளியைப் புடிச்சுத் தூக்குறதுக்கு ஒரு பெல்ட்டு, மாட்டுக்குக் கட்டுற மாதிரி. அவ முகம் ரொம்பக் கிட்டத்துல வருது, தலையில தேங்கா எண்ணெய் வாசம், அது செண்பகத்தோட எண்ணெய், அவ பாட்டில் தீந்து போச்சுன்னு பத்து நாளா இதைத்தான் தேய்க்கிறா. வந்த புதுசுல அவளுக்குத் தூக்கம் வராது, ஃபேன் சத்தம் இல்லாம வளந்ததில்லையே, இங்க ஹீட்டரு கம்முனு கெடக்கும், புரண்டு புரண்டு அழுவா. செண்பகம் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு வாயாலயே ஃபேன் ஓட்டுவா. நல்ல ஃபேன் இல்ல, பழைய ஃபேன், நடுவுல டக்குனு ஒரு தட்டு தட்டிட்டுச் சுத்துற ஃபேன். "ரெண்டுல வைங்கக்கா, குளிருது"ம்பா. ரெண்டுல வச்சா டக்குக்கும் டக்குக்கும் நடுவுல இடைவெளி கூடும். அப்படியே தூங்கிருவா. ஒரு மனுசி தன் வாயால காத்து வீசித் தூங்க வச்சிருக்கேன்டி உன்னை. இந்த வாயை வித்துத்தான் இன்னைக்கு இந்தப் பரீச்சையை வாங்கியிருக்க நீ.

டக். அது நாற்காலிப் பிரேக்கு, எடது பக்கம். டக். வலது பக்கம். போட்டுட்டா. ரெண்டும் போட்டுட்டா. மறக்கல. அப்ப இவ்வளவு நேரம் நான் எதுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தேன், இவ பிரேக்கை மறப்பா, நான் முனக மாட்டேன், இவ போவா, அவ்வளவுதானே என் கணக்கு, என் கணக்கையும் கெடுத்துட்டாளே, இனிமே மூணு எண்ண வேண்டியது, தூக்க வேண்டியது, உக்கார வைக்க வேண்டியது, இவ பாஸ், நான் அந்த ரூமுக்குப் போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், இவ வெளியில நின்னு எனக்காக அழுவா, நல்லா அழுவா, அதுல கொறை வைக்க மாட்டா,

"அய்யோ... ம்மா."

யாரு முனகுனது? செண்பகம் சத்தியமா வாயைத் திறக்கல. திறந்துட்டா போல. அது பிட்டா, வலியா, அவளுக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல, இவ்வளவு நாளா ரெண்டும் ஒரே சத்தமாத்தானே இருந்துச்சு. டோரீன் பேனா நின்னுச்சு. ஜெனிட்டா நின்னுட்டா. அவ கண்ணுல ஒரு நன்றி வந்துச்சு, பளிச்சுன்னு, அய்யோ அக்கா சொல்லிட்டாங்க, அக்கா கைவிடலன்னு, அந்தக் கண்ணை மறுபடி பாக்க முடியுமான்னு தெரியல. குனிஞ்சு பாத்தா டோரீனுக்குச் சந்தேகம் வந்துரும்னு குனியாமலே கையை மட்டும் கீழே விட்டா. போன வாட்டி எதை மறந்தோமோ அதைத்தான் இந்த வாட்டியும் மறந்திருப்போம்னு அவளுக்கு முடிவாயிருச்சு. தன் கை போட்டதை நம்பல அவ, அக்கா முனகலை நம்புனா. வலது பக்க லீவரைத் தேடிப் புடிச்சுத் தள்ளுனா. டக். பூட்டி இருந்தது திறந்துக்கிருச்சு.

செண்பகம் காது கூர்மை. பூட்டுற டக்கு வேற, திறக்கிற டக்கு வேற, அது இந்த ரூமுலயே அவ ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னொரு முனகல் போதும். ஒரே ஒரு அய்யோம்மா. எத்தனை பேரு குடியிருக்கிற தொண்டை, ஒருத்தர் கூட வெளிய வரல, மிஸஸ் வில்கின்ஸைக் கூப்பிட்டா, பெரிய டாக்டரைக் கூப்பிட்டா, அந்தப் பழைய ஃபேனைக் கூடக் கூப்பிட்டா. அவளோட சொந்தக் குரலைக் கூப்பிட்டா, அது எப்படி இருக்கும்னே ஞாபகம் வரல. "ஆன் த்ரீ, மிஸஸ் வில்கின்ஸ்"னு ஜெனிட்டா பெல்ட்டை இறுக்கிப் புடிச்சா, இப்ப குரல்ல நடுக்கமே இல்ல, நம்பிக்கை வந்துருச்சு பாரு. விழட்டும். விழப் போறது யாரு, நான்தானே, என் இடுப்புதானே. விழுந்தா இவளும் போவா, நானும் போவேன், ஒரே விமானம், எனக்குச் சன்னலோர சீட்டு. "ஒன்." இவளைக் கூட்டிட்டுப் போக இவ அம்மா மதுரைக்கு வருமா, திருவனந்தபுரத்துக்கு வருமா? "டூ."

மூக்கு உறிஞ்சுச்சு. உறிஞ்சுனதுக்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, ரெண்டுல வச்ச ஃபேன் மாதிரி, அந்த இடைவெளியிலதான் வித்தையே இருக்கு. செண்பகத்துக்கிட்ட முழங்காலை அமுக்க நேரமில்ல, வலது கை ஜெனிட்டா தோளுல கெடக்கு, எடது கை மிஸஸ் வில்கின்ஸ் கை, ஆனா அவ வாயில வந்த டோரீன் குரல்ல அமுக்குன வலி இருந்துச்சு, இன்னைக்கு மொத தடவையா அந்த இரும்பும் குரலுக்குள்ள இருந்துச்சு.

"பிரேக்ஸ், மை டியர்."

ஜெனிட்டா கை தன்னால கீழே போயி லீவரைத் தள்ளிப் பூட்டுச்சு. "தேங்க்யூ, மேம். ஸாரி, மேம். த்ரீ." தூக்குனா, திருப்புனா, உக்கார வச்சா. சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. செண்பகம் நாற்காலியில பொருந்தி உக்காந்தா. பொம்மைக வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கு.

"நான் எதுவுமே சொல்லலையே"ன்னாங்க டோரீன்.

ஜெனிட்டா டோரீனைப் பாத்தா. அப்புறம் செண்பகத்தைப் பாத்தா. செண்பகமும் அவளைப் பாத்தா, சொல்லாதேன்னு இல்ல, சொல்லுன்னும் இல்ல, சும்மாத்தான் பாத்தா, என்ன பண்ணுவான்னு பாக்கிற ஆளு மாதிரி.

"நான் இல்ல மேம்," ஜெனிட்டா விரலு நீண்டுருச்சு, "அது அக்கா. அக்காதான் மேம் அப்படிப் பேசுவாங்க."

டோரீன் மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாங்க. அப்புறம் வலது முழங்காலை அமுக்கி நிமிர்ந்தாங்க. அப்புறம் கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. வரிசை சரிதான், செண்பகம் புடிச்ச வரிசை அப்படியே இருக்கு, ஒரு இம்மி பிசகல. அவ எந்திரிக்கப் பாத்தா, எடது கால் வரல, மிஸஸ் வில்கின்ஸ் காலு. நாற்காலியை நகத்திப் பாத்தா. ரெண்டு பக்கமும் பிரேக்கு விழுந்திருந்துச்சு.